விஜிஏ கேபிளில் ணகரத்தின் நடுச்சுழி தெரிகிறதா, இல்லையா?

மெய்ப்புத்தாள்:
புது மானிட்டரைக் கணினியோடு இணைக்க எந்த வகைக் கேபிள் வாங்கலாம் என்று கேட்டவருக்கு, "விஜிஏவோ டிவிஐயோ, கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது; புது கேபிளுக்குச் செலவழிப்பவன் ஏமாளி" என்று நேற்று கண்ணாடிக்குழாய் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. நான் 11 ஆண்டுகளாக அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்து வருகிறேன். 1920க்கு 1080 எல்சிடி மானிட்டரில் விஜிஏ கேபிளைச் செருகி, சின்ன எழுத்தில் 'மணம்', 'மனம்' என்று அடித்துப் பாருங்கள். ணகரத்தின் நடுச்சுழி அடைத்துக்கொள்கிறது. அதே கணினியில், அதே மானிட்டரில் டிவிஐ கேபிளை மாட்டியதும் சுழிக்குள் வெள்ளை தெரிகிறது. வித்தியாசமே இல்லை என்று எழுத எப்படித்தான் துணிந்தீர்கள்?

கண்ணாடிக்குழாய்:
தம்பி, மானிட்டரில் இருக்கும் 'ஆட்டோ' பொத்தானை அழுத்தினாயா? 1987இல் ஐபிஎம் விஜிஏவைக் கொண்டுவந்தது. அன்று முதல் உலகமே அதில்தான் எழுதிப் படித்தது. 20 ஆண்டுகள் மானிட்டர் பழுது பார்த்தவன் நான். மங்கல் என்று தூக்கி வந்த எல்சிடிகளில் பல, அந்தப் பொத்தானை அழுத்தியதுமே தெளிந்துவிட்டன.

மெய்ப்புத்தாள்:
நான் தம்பி அல்ல, பெண். பொத்தானையும் அழுத்தினேன். கணினியின் கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு பிக்சலின், அதாவது திரைப்புள்ளியின், நிற எண்களை மின்னழுத்தமாக மாற்றி விஜிஏ வழியாக அனுப்புகிறது. எல்சிடி அதை அளந்து மறுபடி எண்ணாக்குகிறது. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் 1080 திரையில் ஒரு பிக்சலுக்குக் கிடைப்பது 7 நானோநொடிகூட இல்லை. அளக்கும் தருணம் கொஞ்சம் நழுவினாலும் பக்கத்துப் பிக்சலோடு கலந்துவிடும். 'ஆட்டோ' அந்தத் தருணத்தைக் கணிக்கிறது, அவ்வளவுதான். 1999இல் எண்களை எண்களாகவே (டிஜிட்டலாக) அனுப்பும் டிவிஐ வந்தபோது இந்த இரட்டை வேலையே எல்சிடிக்குத் தேவையற்றுப் போனது.

கண்ணாடிக்குழாய்:
சரி அம்மா, தெரியாமல் அழைத்துவிட்டேன். ஆனால் எல்சிடிக்கு முந்தைய குழாய் மானிட்டரில் அந்தக் கலப்பு ஏது? வந்த மின்னழுத்தம் நேராகக் குழாய்க்குள் இருக்கும் எலக்ட்ரான் துப்பாக்கிக்குப் போகும், அளக்கும் வேலையே கிடையாது. குறை எல்சிடியில் இருக்க, பழியைக் கேபிள் மேல் போடாதீர்கள்.

மெய்ப்புத்தாள்:
கேள்வி கேட்டவர் வாங்கப்போவது எல்சிடி. குழாயைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

ஆய்வகம்_3:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் கல்லூரி அரங்கில் 15 மீட்டர் விஜிஏ கேபிள் இருந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் வலப்பக்கம் ஒரு நிழல் விழும். ஆனாலும் படம் ஒருநாளும் நின்றதில்லை. அதே நீளத்துக்கு, டிவிஐ போலவே டிஜிட்டலான எச்டிஎம்ஐ கேபிள் போட்டோம். சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டிருக்கும்போது திரை கறுத்துவிட்டது. டிஜிட்டல் கைவிட்டால் முழுவதுமாகக் கைவிட்டுவிடும்.

மெய்ப்புத்தாள்:
15 மீட்டருக்கு மட்டமான கேபிள் போட்டால் அப்படித்தான் ஆகும். மேசைமேல் இருக்கும் மானிட்டருக்கு 2 மீட்டரே அதிகம். நான் பேசுவது ணகரத்தைப் பற்றி.

ஆய்வகம்_3:
மட்டமான கேபிளா? தங்க முலாம் பூசியதென்று விலை கூட்டி வாங்கிய கேபிள் அது!

மெய்ப்புத்தாள்:
தங்க முலாம் துருவைத் தடுக்கும், படத்தைத் திருத்தாது. கடைக்காரர் உங்களை ஏமாற்றியிருக்கிறார்.

ஆய்வகம்_3:
அந்தக் கடைக்காரர் என் மாமா. வார்த்தையை அளந்து பேசுங்கள்.

மின்மினி:
எச்டிஎம்ஐ மாட்டினால் எனக்குக் கறுப்பெல்லாம் சாம்பலாகத் தெரிகிறது. திரையின் ஓரமும் வெட்டுப்படுகிறது. இதுதான் டிஜிட்டலின் தெளிவா?

மெய்ப்புத்தாள்:
உங்கள் மானிட்டரைத் தொலைக்காட்சி என்று நினைத்து, கார்டு நிற எண்களை 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரை அனுப்பாமல் 16 முதல் 235 வரைக்குள் சுருக்கி அனுப்புகிறது. கார்டின் அமைப்பில் முழு வீச்சைத் தேர்ந்தெடுங்கள். ஓரம் வெட்டுப்படுவதும் அதே தொலைக்காட்சிப் பழக்கம்தான். மானிட்டரின் பட்டியலில் அதை நிறுத்தலாம்.

கண்ணாடிக்குழாய்:
ஆக, டிஜிட்டலிலும் அமைப்பைத் தோண்டித் திருத்த வேண்டியிருக்கிறது! நான் ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னால் மட்டும் உங்களுக்குக் கோபம் வருகிறது. யுபிஎஸ் பேட்டரி பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் நின்றீர்கள்.

மெய்ப்புத்தாள்:
பேட்டரி விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. அதை இங்கே இழுக்காதீர்கள். இரண்டு கேபிளிலும் ஒரே பக்கத்தைக் காட்டி, கேமராவால் திரையைப் படமெடுத்து இடுகிறேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பயனில்லை. கேபிளில் நுழைவதற்கு முன்பு கணினிக்குள் இருப்பதைத்தான் அது காட்டும்.

கண்ணாடிக்குழாய்:
கேமராவில் எதையும் மங்கலாகக் காட்டலாம். பொத்தானை அழுத்தியபோது திரையில் என்ன இருந்தது? வெற்றுத் திரையில் அழுத்தினால் அதற்குப் பிடிமானம் கிடைக்காது. அதைச் சொல்லுங்கள் முதலில்.

மெய்ப்புத்தாள்:
பக்கம் முழுக்க எழுத்து இருந்தது. மூன்று முறை அழுத்தினேன். இப்போது நான்காம் முறையும் அழுத்திவிட்டு வந்து எழுதுகிறேன்: நடுச்சுழி அடைத்தபடியேதான் இருக்கிறது.

கண்ணாடிக்குழாய்:
அப்படியானால் பொத்தானைச் சரியாக அழுத்தவில்லை.