மூன்றில் ஒரு பார்ட்டிஷன் மட்டும் தானாக மவுண்ட் ஆக: எஃப்எஸ்டேபா, யுடெவ் விதியா?

வேர்ப்பயனர்:
லினக்ஸில் யுஎஸ்பி டிரைவைச் செருகினால் அதன் மூன்று பார்ட்டிஷனும் (பிரிவுகளும்) தானாக மவுண்ட் ஆகின்றன (திறந்துகொள்கின்றன), டேட்டா பார்ட்டிஷன் மட்டும் போதும் என்பதுதானே கேள்வி? எதை எங்கே மவுண்ட் செய்வது என்று எழுதிவைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பு இருக்க வேறெதற்கு? எல்எஸ்பிஎல்கே -எஃப் போட்டு, வேண்டாத இரண்டின் யுயுஐடியை (ஃபைல்சிஸ்டத்தின் தனி அடையாள எண்ணை) எடுங்கள். ஆளுக்கொரு வரி, ஆப்ஷனில் நோஆட்டோ (தானாக மவுண்ட் ஆகாது), நோஃபெயில் (டிரைவ் இல்லாவிட்டாலும் பூட் நிற்காது). முடிந்தது.

விதிவிரும்பி:
எங்கே முடிந்தது? தேவைப்படும்போது கிளிக் செய்து திறக்க வேண்டாமா? சாதாரணப் பயனரையும் மவுண்ட் செய்யவிடும் யூசர் ஆப்ஷன் இல்லையென்றால் நிர்வாகி கடவுச்சொல் கேட்கும். சேர்த்தால் நோஎக்ஸெக் (நிரல்களை ஓட்டத் தடை) ஒட்டிக்கொண்டு வரும், அங்கிருக்கும் ஸ்கிரிப்டை நேரடியாக ஓட்ட முடியாது.

சாதனம் செருகப்படும்போது ஓடும் யுடெவ் விதியில் இந்தத் தொல்லை இல்லை. ஐடி_எஃப்எஸ்_யுயுஐடியை (யுடெவில் யுயுஐடியின் பெயர்) இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டு, தானாக மவுண்ட் செய்வதா என்று சொல்லும் யுடிஸ்க்ஸ்_ஆட்டோவுக்கு ஒற்றைச் சமக்குறியால் 0 கொடுங்கள். ஃபைல் மேனேஜரில் தெரியும், தானாக மவுண்ட் ஆகாது. யுடிஸ்க்ஸ்_இக்னோருக்கு 1 கொடுத்துவிடாதீர்கள், கண்ணிலேயே படாமல் போய்விடும். விதிக் கோப்புகள் எண் வரிசையில் ஓடும்; உங்கள் கோப்பின் பெயர் 99 என்று தொடங்கட்டும். யுயுஐடியைப் படித்துத் தருவதே 60ஆம் எண் கோப்புதான்; அதற்கு முன் ஓடும் விதி வெற்று மதிப்போடு ஒப்பிட்டுவிட்டுச் சும்மா போய்விடும்.

வேர்ப்பயனர்:
யூசருக்குப் பின்னால் எக்ஸெக் (ஓட்ட அனுமதி) என்று எழுதினால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. உங்கள் விதியில் யுயுஐடி ஒரு எழுத்து பிசகினால் யாரும் சொல்ல மாட்டார்கள். எஃப்எஸ்டேபில் அப்படிப் பிசகினால் ஃபைண்ட்மவுண்ட் --வெரிஃபை கட்டளை காட்டிக்கொடுக்கும்.

விதிவிரும்பி:
விதியைச் சோதிக்கும் யுடெவ்ஏடிஎம் டெஸ்ட் கட்டளை எதற்கு இருக்கிறது? எஃப்எஸ்டேபில் நோஆட்டோவும் நோஃபெயிலும் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்லுங்களேன். டிரைவ் இல்லாமல் பூட் செய்தால் சிஸ்டம்டி (பூட்டை நடத்தும் நிரல்) 90 நொடி காத்திருந்து எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். ஒரு யுஎஸ்பி டிரைவுக்காக பூட்டையே பணயம் வைப்பதா?

வட்டுப்புழு:
இருவரும் யுயுஐடியையே பிடித்துத் தொங்குகிறீர்கள். பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்தால் அது மாறிவிடும், விதியும் எஃப்எஸ்டேப் வரியும் சேர்ந்தே செத்துப்போகும். ஜிபிடி முறையில் பிரித்த டிரைவில் பார்ட்யுயுஐடி (பார்ட்டிஷனுக்கே உரிய அடையாள எண்) ஃபார்மேட்டைத் தாங்கும். யுடெவில் அதன் பெயர் ஐடி_பார்ட்_என்ட்ரி_யுயுஐடி. ஆனால் டிடி என்ற நகலெடுக்கும் கட்டளை கொண்டு முழு டிரைவையும் நகலெடுத்திருந்தால் இரண்டு அடையாளமும் நகலிலும் அப்படியே இருக்கும், விதி இரண்டு டிரைவையும் பிடிக்கும். நகலில் எஸ்ஜிடிஸ்க் -ஜி (ஆங்கிலப் பெரிய எழுத்து G) கட்டளையை ஓட்டிப் பார்ட்யுயுஐடியை மாற்றுங்கள்.

கெட்டுப்போன பார்ட்டிஷனைக் காப்பாற்றத்தான் இதெல்லாம் என்றால் இரண்டு வழியுமே போதாது. இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டத்தை ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்தாலும், சரியாக அன்மவுண்ட் ஆகாமல் விட்டிருந்தால் ஜர்னலை (எழுத வேண்டியவற்றின் பதிவேட்டை) ஓட்டி வட்டில் எழுதும். அதைத் தடுக்கும் நோலோட் ஆப்ஷனைச் சேர்க்க வேண்டும்.

வேர்ப்பயனர்:
பார்ட்யுயுஐடியை எஃப்எஸ்டேபும் ஏற்கும், அதையும் எழுதிவிடுங்கள்.