பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு உப்பு நினைவுச் சீசா: எந்த வாரம், எவ்வளவு சாமான்?

மாலைவெயில்:
அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளைகள் 7 பேர், வயது 8 முதல் 12. எல்லோருக்கும் இழப்பு நேர்ந்து நாலு மாதமாவது ஆகிறது. பள்ளியிலேயே வாரம் ஒரு நாள், ஒன்றேகால் மணி நேரம் வீதம் 6 வாரம் குழு நடத்த அனுமதி உண்டு. வண்ண உப்பை அடுக்கடுக்காக நிரப்பும் நினைவுச் சீசாவை முதல் நாளே செய்ய வைக்கலாமா? சாமான் எவ்வளவு தேவை? நடுவில் ஒரு பிள்ளை தேம்பி அழ ஆரம்பித்தால் நிறுத்திவிடுவதா?

களிமண்:
முதல் நாள் வேண்டவே வேண்டாம். மூன்றாம் வாரம் வையுங்கள். முதல் வாரம் பெயர், விதிகள் (பேசப் பிடிக்காவிட்டால் ‘பாஸ்’ சொல்லலாம்), ‘எனக்கு இறந்துபோனது யார்’ என்று ஒரே ஒரு வரி. அதற்கு மேல் தோண்டினால் அடுத்த வாரம் பாதிப் பேர் வயிற்றுவலி என்று வீட்டில் இருந்துவிடுவார்கள்.

சாமான்: ஆளுக்கு 100 மில்லி சீசா, திருகு மூடியோடு. அதில் தூள் உப்பு ஏறக்குறைய 130 கிராம் பிடிக்கும். சிந்துவதையும் சேர்த்து இரண்டு கிலோ வாங்கி வையுங்கள், சீசா இரண்டு கூடுதலாக. கல் உப்பு ஆகாது, நிறமேற்ற உருட்டும் வண்ணச் சாக்பீஸ் அதில் சரியாக ஒட்டாது, மேலே போடும் பொடியும் இடுக்கில் இறங்கிவிடும். கேக் கலர் திரவத்தை ஊற்றினால் உப்பு கட்டிதட்டும். மழைக்காலம் என்றால் முந்தின நாளே வாணலியில் சூடுகாட்டி ஆறவைத்துவிடுங்கள்.

உப்பைத் தொடுவதற்கு முன்னால் தாளில் ஐந்து வரி, ஐந்து நினைவு. எந்த நினைவுக்கு எந்த நிறம் என்பதைப் பிள்ளைதான் முடிவுசெய்ய வேண்டும். ஐந்தும் இனிப்பாக இருக்கத் தேவையில்லை, ‘அடிச்சது’, ‘குடிச்சுட்டு வந்தது’ என்றும் ஒரு அடுக்கு வரலாம் என்பதை நீங்களே முதலில் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பிறகு ஏ4 தாளில் ஒன்றரை மேசைக்கரண்டி உப்பைப் பரப்பி, சாக்பீஸைப் படுக்கப்போட்டு அழுத்தி உருட்டினால் இரண்டு மூன்று நிமிடத்தில் நிறம் ஏறும். தாளை மடித்து, அந்த மடிப்பு வழியாகச் சீசாவில் சரிக்கலாம்.

பெரும்பாலும் கெடுவது கடைசியில்தான். கழுத்தில் ஒரு விரல் இடம் விட்டு மூடிவிடுவார்கள். பை குலுங்கக் குலுங்க, வீடு போய்ச் சேர்வதற்குள் ஐந்து நிறமும் ஒரே சாம்பலாகிவிடும். அந்தப் பிள்ளைக்கு அது இன்னொரு சாவு மாதிரி. அதனால் சீசாவை மேசையில் மெதுவாகத் தட்டித் தட்டி விளிம்புவரை நிரப்பி, மேலே பஞ்சு திணித்து, மூடியைச் சுற்றி செல்லோடேப் ஒட்டுங்கள். நிறக்குறிப்புத் தாளையும் கூடவே கொடுத்தனுப்புங்கள், பாட்டி கேட்டால் பிள்ளை சொல்லத் தெரியவேண்டுமே.

அழுதால் நிறுத்த வேண்டாம். பக்கத்தில், பிள்ளையின் உயரத்துக்கு உட்காருங்கள். டிஷ்யூ எட்டும் தூரத்தில் இருக்கட்டும், கையில் திணித்தால் ‘போதும், துடை’ என்று அர்த்தமாகிவிடும். பத்து நிமிடத்தில் அதே பிள்ளை அடுத்த நிறத்துக்குச் சண்டை போடும். அது நடிப்பில்லை. துக்கத்துக்கும் அன்றாட வாழ்வுக்கும் இடையே மனம் போய்ப்போய் வருவதைத்தான் துக்கத்தை ஆராய்ந்த ஸ்ட்ரோபும் ஷூட்டும் 1999-இல் இரட்டைச் செயல்முறை மாதிரி என்று எழுதினார்கள். ஆனால் அறையில் இரண்டாவது பெரியவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். கடைசிக் கால் மணி நேரம் பிஸ்கட், விளையாட்டு மட்டும். அடுத்த பீரியட் கணக்குப் பாடமாக இருக்கும்.

நடுகல்:
சாக்பீஸ் எதற்கு, வண்ணக் கோலப்பொடி கடையிலேயே கிடைக்கிறதே. ஒன்று மட்டும்: நைசான பொடி தூசு கிளப்பும், குழுவில் இழுப்பு உள்ள பிள்ளை இருந்தால் உப்போடு நில்லுங்கள்.

காலி நாற்காலிப் பயிற்சியையும் (எதிரே உள்ள காலி நாற்காலியில் இறந்தவர் இருப்பதாக நினைத்து அவரிடம் பேசுவது) சேர்க்கச் சொல்லி யாராவது யோசனை தந்தால், இந்த வயதுக்குக் குழுவில் அது வேண்டாம். பெரியவர்களுக்கு, அதுவும் தனியாக இருக்கும்போது, பொருந்தும். நம் ஒப்பாரியும் கிட்டத்தட்ட அதைத்தானே செய்கிறது? இறந்தவரை ‘என்னைப் பெத்த அம்மா’ என்று நேரே கூப்பிட்டு, குறை சொல்லி, கணக்குக் கேட்கிறது. பிள்ளைகளுக்கு அதற்குப் பதிலாக, இறந்தவருக்கு ஒரு கடிதம் எழுதுவது போதும்: சொல்லாமல் விட்டது ஒன்று, கோபம் ஒன்று, வீட்டில் இப்போது நடப்பது ஒன்று. 20 நிமிடம். எழுதியதை எரிப்பதைச் சடங்காக்கிவிடாதீர்கள். வைத்துக்கொள்ள நினைக்கும் பிள்ளைதான் அதிகம். உறவை அறுத்தால்தான் துக்கம் ஆறும் என்ற பழைய எண்ணத்தை, ‘தொடரும் பந்தம்’ (இறந்தவரோடு உள்ள உறவு மனதில் தொடர்வது) பற்றி 1996-இல் ஆய்வாளர் கிளாஸும் சகாக்களும் எழுதியதற்குப் பின் பலர் கைவிட்டார்கள்.

இரவுப்பணி:
வார்த்தையில் கவனம். ‘தூங்குறார்’ என்றால் பிள்ளை படுக்கப் பயப்படும். ‘சாமி கூட்டிட்டுப் போயிட்டார்’ என்றால் சாமி மேல் கோபம், அல்லது அடுத்து அம்மாவையா என்ற பயம். ‘செத்துட்டார், உடம்பு இனிமே வேலை செய்யாது, திரும்பி வரமாட்டார்’ என்று சொல்வது கொடூரமில்லை. ‘நான் கோவிச்சுக்கிட்டதாலதான் செத்துட்டாரா’ என்ற கேள்வி வாய்க்கு வராமலே உள்ளே கிடக்கும். கேட்காவிட்டாலும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் தாண்டியும் ஏக்கம் நாள் முழுக்கக் குறையாமல் இருந்து, சாப்பாடு, பள்ளி எல்லாம் முடங்கினால் குழு போதாது, மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, ‘நீடித்த துக்கம்’ என்ற கோளாறுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்சக் காலமும் அதுதான்.

மாலைவெயில்:
நன்றி. ஒரு பிள்ளையின் அப்பா இறந்தது தற்கொலையில். வீட்டில் மாரடைப்பு என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

களிமண்:
அதனால்தான் ‘யார்’ என்று மட்டும் கேட்கச் சொன்னேன், ‘எப்படி’ என்று சுற்று வைக்காதீர்கள். உண்மையைச் சொல்வது உங்கள் வேலையில்லை, வீட்டாருடையது. ஆனால் குழு தொடங்கும் முன்பே அம்மாவைத் தனியாகப் பாருங்கள்: தெருவுக்குத் தெரிந்தது பள்ளிக்கும் வரும், பக்கத்து பெஞ்சு சொல்லித் தெரிவதைவிட அம்மா சொல்வது நல்லது. எந்த முறையில் என்ற விவரம் வேண்டாம், ‘அப்பா மனசுல பெரிய நோய், அதுல அவரே உயிரை விட்டுட்டார், உன்னால இல்ல’ என்ற அளவு போதும். அந்த அம்மாவுக்கே தாங்க முடியாமல் இருந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் 14416-ஐக் கொடுங்கள், தமிழிலேயே பேசலாம். அதுவரை பிள்ளை தாளில் ‘மாரடைப்பு’ என்று எழுதினால் திருத்தாதீர்கள்.