பாட்டி வீட்டுக் குழு: பூக்கடைக் கணினிக்கு ஒரு பச்சைத் திரை

*சனி, காலை 9:12*

நான்: மாமா, பசியாறியாச்சா? பினாங்கு லெபு குவீன் தெருவில் இருக்கும் நம் பூக்கடைக் கணினியின் பழைய பிரிண்டர் போர்ட்டில் 128-க்கு 64 புள்ளி கிராஃபிக் எல்சிடி ஒன்றை மாட்டினேன், வாங்குபவர் பக்கம் விலை காட்ட. பச்சை வெளிச்சம் வருகிறது, ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை.

சின்ன மாமா: ஆச்சுடா. 5 வோல்ட் எங்கிருந்து எடுத்தாய்? அந்தப் போர்ட்டில் கரண்ட் தரும் பின் கிடையாதே.

நான்: உள்ளே ஹார்ட் டிஸ்குக்குப் போகும் சிவப்பு வயர். கிரவுண்ட் கறுப்பு. மஞ்சள் 12 வோல்ட், அதைத் தொடவில்லை.

அம்மா: கணினியைத் திறந்தாயா? அப்பாவிடம் சொன்னாயா?

சின்ன மாமா: அக்கா, அப்புறம் திட்டு. தம்பி, பின்னால் என்ன சிப்?

நான்: கேஎஸ்0108, இரண்டு.

சின்ன மாமா: ஆளுக்குப் பாதித் திரை. திரையின் கான்ட்ராஸ்டை மாற்றும் வி0 பின்னை எதில் கொடுத்தாய்?

நான்: கிரவுண்டில். 2 வரி எழுத்துத் திரைக்கு அப்படித்தானே செய்தோம்?

சின்ன மாமா: அங்கேதான் கோட்டை விட்டாய். இதற்கு மைனஸ் வோல்ட் வேண்டும். திரையிலேயே வீஇஇ என்ற பின் அதைத் தரும். 10 கிலோ ஓம் பாட் (திருப்பி மாற்றும் ரெசிஸ்டர்) வாங்கி, ஒரு கால் வீஇஇ, மறுகால் 5 வோல்ட், நடுக்கால் வி0. மெதுவாகத் திருப்பு. பின் வரிசை போர்டுக்குப் போர்டு மாறும், டேட்டாஷீட் பார்க்காமல் ஈயம் வைக்காதே.

அக்கா: என் லேப்டாப்பில் யுஎஸ்பி பிரிண்டர் கேபிள் போட்டு ஓட்ட முடியாதா?

சின்ன மாமா: அது பிரிண்டரோடு மட்டும்தான் பேசும் மா. நமக்கு ஒவ்வொரு பின்னையும் நாமே ஏற்றி இறக்க வேண்டும்.

*காலை 11:40*

நான்: வந்துவிட்டது! ஆனால் இடப்பாதி வலப்பக்கமும் வலப்பாதி இடப்பக்கமும் வருகிறது 😭 எந்தப் பாதி என்று தேர்ந்தெடுக்கும் சிஎஸ்1, சிஎஸ்2 இரண்டில், சிஎஸ்1 போர்ட்டின் பின் 14-இல், சிஎஸ்2 பின் 17-இல்.

சின்ன மாமா: அந்த இரண்டும் தலைகீழ் பின்கள், பின் 1-உம் அப்படித்தான். நீ 1 எழுதினால் வெளியே 0 வரும். நாலு கண்ட்ரோல் பின்னில் 16 ஒன்றுதான் நேர். போர்ட்டின் முகவரியான 378 ஹெக்ஸுக்கு 2 தள்ளி இருக்கும் முகவரியில் எழுதும்முன் 11-ஓடு (ஹெக்ஸ் இல்லை, சாதாரண 11) எக்ஸ்ஓஆர் செய், அந்த மூன்று பிட்டும் திரும்பி எல்லாம் நேராகும்.

*மதியம் 12:25*

நான்: சரியாகிவிட்டது! 📷

பாட்டி: கண்ணாடி போட்டுப் பார்த்தேன். வணககம என்று இருக்கிறதே. புள்ளி எங்கே ராசா?

நான்: ஐயோ. எழுத்தை 16 வரிசைக்குள் வெட்டினேன், புள்ளி மேலே போய்விட்டது.

சின்ன மாமா: 😂 அந்தச் சிப்பில் 8 புள்ளி வரிசை சேர்ந்தால் ஒரு 'பக்கம்' (பேஜ்). எழுத்துக்கு 3 பக்கம் எடு, 24 வரிசை.

நான்: அப்படியென்றால் 2 வரிதான் கொள்ளும்.

பாட்டி: போதுமே. மேலே மல்லிகை, கீழே விலை.

அப்பா: அதெல்லாம் சரி. நாளைக்கு அமாவாசை, கூட்டம் வரும். முதலில் கணினிக்கு மூடியைப் போடு.