முதுகு முழுக்க டாட்டூ, தோல் உரிகிறது, அடுத்த வாரம் திருச்செந்தூரில் மொட்டை. என்ன செய்யட்டும்?

தேரிக்காடு எழுதியது:

போன ஞாயிற்றுக்கிழமை முதுகில் கடைசி சிட்டிங் முடிந்தது. தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை ஒரு மயில், பெரும்பகுதி கறுப்பும் சாம்பல் ஷேடிங்கும், இறகில் மட்டும் கொஞ்சம் பச்சை, நீலம். அன்று ராத்திரி உடம்பு நடுங்கிக் காய்ச்சல் வருவது மாதிரி இருந்தது, பாராசிட்டமால் போட்டதும் நின்றுவிட்டது. முதல் இரண்டு நாள் நீரும் மையும் வடிந்து படுக்கை விரிப்பெல்லாம் கறை. இப்போது தோல் உரிய ஆரம்பித்திருக்கிறது. குளிக்கும்போது கறுப்புக் கறுப்பாகத் துகள் விழுகிறது, உரிந்த இடம் பால் படிந்த மாதிரி மங்கலாகத் தெரிகிறது, மையெல்லாம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. பேன்ட் இடுப்புப்பட்டை உரசும் இடத்தில் பொருக்கு தடித்து வெடித்திருக்கிறது. ராத்திரியில் அரிப்பு தாங்க முடியவில்லை.

அம்மா மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் போடச் சொல்லுகிறார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் ஒரு க்ரீம் கொடுத்தார்கள், படர்தாமரைக்கும் அதையேதான் கொடுப்பார்களாம். எதைப் போடுவது?

அதைவிடப் பெரிய கவலை, அடுத்த வாரம் திருச்செந்தூரில் அக்கா பையனுக்கு மொட்டை போட்டுக் காது குத்து. தாய்மாமன் நான்தான், என் மடியில் வைத்துத்தான் மொட்டை எடுக்க வேண்டும், போகாமல் இருக்க முடியாது. கடலில் முழுகி நாழிக்கிணற்றிலும் குளிக்க வேண்டும் என்கிறார்கள். முழுகலாமா?

நீலமை எழுதியது:

தம்பி, பல வருடமாக டாட்டூ போடுகிறேன், பெரிய முதுகு வேலைகளும் நிறையச் செய்திருக்கிறேன். துகளாக விழுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஊசி மேல்தோலைத் தாண்டி உள்தோலில் மையை வைக்கிறது, போகிற வழியில் மேல்தோலிலும் கொஞ்சம் மை தங்கும், அந்த மேல்தோல்தான் இப்போது உரிந்து விழுகிறது. உள்ளே இருக்கும் மையை உடம்பின் தற்காப்பு செல்கள் விழுங்கி அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளும், அது குளித்தால் போகாது. மங்கலாகத் தெரிவது, புதுத் தோல் இன்னும் முழுசாக முதிராமல் மை மேல் படலமாக நிற்பதால். மூன்று நான்கு வாரத்தில் தெளிய ஆரம்பிக்கும், முதுகு முழுக்கப் போட்ட வேலைக்கு உள்தோல் அடங்க இரண்டு மூன்று மாதம்கூட ஆகும்.

இடுப்புப் பொருக்குதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. அதைப் பிய்த்தால் மை கையோடு வந்துவிடும், அந்த இடம் வெள்ளைத் திட்டாக நிற்கும், சில நேரம் தழும்பும் விழும். பேன்ட், பெல்ட் இரண்டையும் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடுங்கள். வீட்டில் பழைய பருத்தி வேட்டியை, முடிச்சு அந்த இடத்தில் படாதபடி தாழக் கட்டிக்கொள்ளுங்கள். பைக்கில் போவதென்றால் முதுகில் பை மாட்டாதீர்கள், வேலைக்குப் போகும் நிறையப் பேருக்கு அந்தப் பை வார் ஓடும் கோடு அப்படியே மங்கிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

குளிக்கும்போது நைலான் நார் கூடவே கூடாது. கையை முதலில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வாசனை இல்லாத மென்மையான சோப்பை நுரைத்து உள்ளங்கையால் மட்டும் தடவி, மக்கால் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள், வெந்நீர் வேண்டாம். அப்புறம் டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் கொஞ்சமாக. முதுகு கைக்கு எட்டாது என்பதால் வீட்டில் யாராவது தடவிவிடுவார்கள், அவர்கள் அன்பில் அப்பிவிடுவார்கள், அதுதான் நடக்கிற தப்பு. தோல் பளபளவென்று ஈரமாகத் தெரிந்தால் அதிகம் என்று அர்த்தம். நம்ம ஊர் வெயிலில் க்ரீமும் வியர்வையும் சேர்ந்து ஊறினால் பொருக்கு இளகிக் கழன்றுவிடும், வேர்க்குருவும் வரும். வேர்க்குரு பவுடர் போடக் கூடாது.

குப்புறப் படுங்கள். காலையில் விரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், தண்ணீர் ஊற்றி ஊறவிட்டால் தானாக விடும். அரிப்புக்கு உள்ளங்கையால் மெதுவாகத் தட்டலாம், சுத்தமான துணியில் சுற்றிய ஐஸ் கொஞ்ச நேரம் வைக்கலாம், நகம் மட்டும் படவே கூடாது.

வெண்ணிலா அக்கா எழுதியது:

தோல் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். அந்த மெடிக்கல் ஷாப் க்ரீமைத் தொடாதீர்கள். படர்தாமரைக்கென்று டாக்டர் சீட்டு கேட்காமலே கொடுக்கும் க்ரீம்களில் பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிடும், நன்றாகிவிட்டது போலத் தோன்றும், ஆனால் தோல் மெலிந்து புண் ஆறுவது தள்ளிப்போகும், உள்ளே கிருமி இருந்தால் அது மறைந்தே வளரும். இந்த க்ரீம்களால் தோல் கெட்டு எங்களிடம் வருகிறவர்கள் எத்தனையோ பேர்.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், சமையல் மஞ்சள்தூள் கிருமி நீக்கிய பொருள் இல்லை, கலப்படமும் இருக்கலாம், திறந்த தோலில் வேண்டாம். தேங்காய் எண்ணெயை உரிவதெல்லாம் நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம். கிருமிநாசினி திரவத்தை அப்படியே ஊற்றுவதும் வேண்டாம், புதுத் தோலை அது எரிச்சலாக்கும். கத்தரிக்காய், கருவாடு சாப்பிடாதே என்பார்கள், இரண்டு வாரம் விட்டால் நஷ்டமில்லை, ஆனால் முட்டை, பருப்பு, மீன் எதையும் குறைக்காதீர்கள், புண் ஆற புரதம் வேண்டும். சர்க்கரை வியாதி இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

முதல் நாள் நடுக்கம் பெரிய டாட்டூவில் வரக்கூடியதுதான். ஆனால் இனிமேல் காய்ச்சல் வந்தாலோ, குறைந்துவந்த வலி திரும்ப ஏறினாலோ, சிவப்பு டாட்டூவின் ஓரம் தாண்டிப் பரவினாலோ, சீழ் வந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், ஆர்ட்டிஸ்டுக்குப் படம் அனுப்பிக் காத்திருக்காதீர்கள். சாம்பல் ஷேடிங் என்கிறீர்கள், அதனால் இதையும் சொல்கிறேன். ஒன்றிரண்டு வாரம் கழித்து அந்தச் சாம்பல் பகுதியில் மட்டும் சின்னச் சின்ன சிவப்புக் கொப்புளங்கள் வந்து போகாமல் நின்றால் சும்மா விடாதீர்கள். 2011 கடைசியில் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் 19 பேருக்கு இப்படி வந்தது. மையிலேயே மைக்கோபாக்டீரியம் வகைக் கிருமி இருந்தது, மையை நீர்க்கவைத்த தண்ணீரிலிருந்து வந்திருக்கும் என்று பார்த்தார்கள். வழக்கமான ஆன்டிபயாடிக்கில் அது அடங்காது, டாட்டூ போட்ட விஷயத்தைச் சொன்னால்தான் டாக்டருக்குச் சரியான பரிசோதனை தோன்றும்.

கடல் வேண்டவே வேண்டாம். மெக்சிகோ வளைகுடாவில், டாட்டூ போட்டு ஐந்து நாளில் நீந்திய ஒருவர் விப்ரியோ கிருமி தாக்கி இறந்தது 2017-இல் மருத்துவ இதழில் வந்தது. அவருக்கு ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தது, எல்லோருக்கும் அப்படி ஆகாது. ஆனாலும் முதுகு முழுக்கத் திறந்த தோலோடு முழுகுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

கொற்கையான் எழுதியது:

நான் தூத்துக்குடி, மாசாமாசம் திருச்செந்தூர் போகிறவன். கடலில் கால் நனைத்து, கையால் தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள், முருகனுக்கு அது போதும். நாழிக்கிணற்றிலும் அதேதான், ஆயிரம் பேர் குளிக்கிற இடம், முதுகில் ஊற்ற விடாதீர்கள். இன்னொன்று யாரும் சொல்லவில்லை, கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். பொது வரிசையில் நின்றால் பின்னால் நிற்பவரின் வியர்வையும் விபூதியும் முழங்கையும் உங்கள் முதுகில்தான். துவைத்த மெல்லிய பருத்தித் துண்டைத் தளர்வாகப் போர்த்திக்கொண்டு, அப்பாவையோ மச்சானையோ உங்களுக்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். வார நாள், அதிகாலை என்றால் கூட்டமும் வெயிலும் குறைவு. மொட்டை முடிந்ததும் பையனின் முடித்துகள் உங்கள் மேல் கொட்டும், ரூமுக்குப் போய் உடனே கழுவிவிடுங்கள்.

தேரிக்காடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. க்ரீமைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அம்மாவுக்கு வெண்ணிலா அக்கா எழுதியதையே வாசித்துக் காட்டினேன், சரி என்றுவிட்டார். ஒரு சந்தேகம், வலது அக்குளில் நெறி கட்டின மாதிரி சின்னதாக ஒரு உருண்டை இருக்கிறது, அழுத்தினால் லேசாக வலி. காய்ச்சல் இல்லை.

வெண்ணிலா அக்கா எழுதியது:

மேல்முதுகின் நிணநீர் அக்குள் கணுக்களுக்குத்தான் போகும், கூடவே மைத் துகளும் கொஞ்சம் போய்ச் சேரும், அதனால் பெரிய டாட்டூவுக்குப் பிறகு நெறி கட்டுவது உண்டு. அழுத்திப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். பெரிதானாலோ, மேல்தோல் சிவந்து சூடாக இருந்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் குறையாமல் நின்றாலோ காட்டிவிடுங்கள். பின்னாளில் எப்போதாவது அந்த இடத்தில் ஸ்கேன், பயாப்ஸி என்று வந்தால் டாட்டூ இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள், மை படிந்த கணு வேறு நோய் போலத் தோன்றிக் குழப்பக்கூடும். ரத்ததானம் செய்கிற பழக்கம் இருந்தால் 12 மாதம் பொறுக்க வேண்டும், முகாமில் அவர்களே கேட்பார்கள்.