பிளக்கைப் பிடுங்கியும் மின்னலில் ரௌட்டர் போர்ட் போய்விட்டது, வழி சொல்லுங்கள்

செவ்வாய் மாலை பலத்த இடிமழை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே விநாடியை எண்ணிக்கொண்டிருந்தேன்: ஒன்பது, ஆறு, மூன்று. ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 விநாடி ஆகும். கிட்டே வந்துவிட்டது என்று ரௌட்டர் பிளக்கைப் பிடுங்கினேன். லேன் கேபிளைக் கழற்றத் தோன்றவில்லை, என் முட்டாள்தனம். அடுத்தது எண்ணவே விடவில்லை. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன.

இப்போது ரௌட்டரில் 1, 2 போர்ட்டுகள் செத்துவிட்டன. வைஃபையும் மற்ற இரண்டு போர்ட்டுகளும் ஓடுகின்றன. 1-ல் மேசைக் கணினி இருந்தது, அதன் லேன் போர்ட்டும் போச்சு. 2-லிருந்து 25 மீட்டர் செம்புக் கேபிள், வெளியே மண்ணில் புதைத்த குழாய் வழியாகப் பின்பக்கக் கொட்டகைக் கேமராவுக்குப் போகிறது. கேமராவில் உயிரே இல்லை. திறந்து பார்த்தேன்: லேன் சாக்கெட் பக்கத்துச் சிப்பில் மிளகளவு ஓட்டை, கருகிய வாடை. கூரையிலோ சுவரிலோ கரி அடையாளம் இல்லை, ஆகவே நேரடியாக விழவில்லை.

கேபிள், அடாப்டர் மாற்றிப் பார்த்தாயிற்று, ரீசெட்டும் செய்தாயிற்று. மீட்டர் பெட்டியில் உள்ள சர்ஜ் புரொடெக்டரில் (திடீர் மின்னழுத்த எழுச்சியைத் தடுக்கும் கருவி) பச்சை விளக்கு இன்னும் எரிகிறது. அப்புறம் ஒன்று: கொட்டகைக்குத் தனி எர்த் கம்பி, வீட்டு எர்த்தோடு இணைக்கவில்லை.

கேமராவை மாற்றும்போது இந்தச் செம்புக் கேபிளின் இரு முனையிலும் லேன் சர்ஜ் புரொடெக்டர் போட்டால் போதுமா, இல்லை மின்சாரம் கடத்தாத ஃபைபருக்கே (கண்ணாடி இழைக் கேபிள்) மாறிவிடலாமா?