எழுத்துக் கூட்டத் தடுமாறும் ஒன்பது வயது மகனை வீட்டிலேயே செயலிகளைக் கொண்டு படிக்க வைக்கலாமா?

நாகலூர் அம்மா (ஏற்காடு):

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் காப்பித் தோட்டம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறார். மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். ஒரு கதையைச் சொன்னால் வரி விடாமல் திருப்பிச் சொல்கிறான். மிளகு மூட்டைகளின் எடையை மனக்கணக்காகவே கூட்டிவிடுகிறான். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் ‘தொட்டி’ என்ற சொல்லை ‘தெ’ என்று தொடங்கி, அடுத்து வரும் துணைக்காலைத் தனி எழுத்தாக எண்ணி அங்கேயே நின்றுவிடுகிறான். சேலத்தில் ஓர் உளவியலாளர், கற்றல் குறைபாடாக இருக்கலாம் என்று கூறி முழுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். பள்ளியிலோ அவனைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டு, வீட்டில் கவனியுங்கள் என்கிறார்கள். அப்படியானால் பள்ளியை நிறுத்திவிட்டு முழுவதும் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தால் என்ன என்று யோசிக்கிறோம். தமிழில் எந்தச் செயலிகள் உதவும்? மழை பிடித்தால் இங்கே மின்சாரமும் சிக்னலும் சேர்ந்தே போய்விடும் என்பதையும் மனத்தில் கொண்டு சொல்லுங்கள். பின்னாளில் பத்தாம் வகுப்புத் தேர்வை எப்படி எழுதுவான் என்ற கவலையும் இருக்கிறது.

அஸ்தம்பட்டி ஆசிரியை:

நான் சேலத்தில் சிறப்புப் பயிற்றுநராகப் பணியாற்றுகிறேன். செயலிகளுக்கு வருமுன், நீங்கள் குறிப்பிட்ட ‘தொட்டி’யைப் பார்ப்போம். கண்ணுக்கு முதலில் படுவது ஒற்றைக்கொம்பு, அடுத்து தகரம், அதன்பின் துணைக்கால். வாய் சொல்ல வேண்டியதோ முதலில் ‘த்’, பிறகு ‘ஒ’. பார்க்கும் வரிசையும் ஒலிக்கும் வரிசையும் இப்படி மாறும் இடத்தில் டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு உள்ள தமிழ்க் குழந்தைகள் பலர் தடுக்கி நிற்கிறார்கள். ஆங்கில ஒலிப்புமுறைக்காக எழுதப்பட்ட செயலிகளில் கொம்பும் இல்லை, காலும் இல்லை. எனவே அவற்றால் இந்தச் சிக்கல் தீராது.

எழுத்துக் கூட்டும் பாடத்தை நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து நடத்த வேண்டியிருக்கும். மெய்யெழுத்துகளை ஒரு நிற அட்டையிலும் கொம்பு, கால் முதலிய குறிகளை வேறு நிற அட்டையிலும் எழுதி, ‘த்’, ‘ஒ’, ‘தொ’ என்று வாய்விட்டுச் சொல்லியபடி அவனையே நகர்த்திச் சேர்க்கச் சொல்லுங்கள்; தட்டில் கேழ்வரகு மாவைப் பரப்பி, அதே எழுத்தை விரலால் எழுதச் சொல்லுங்கள். கண், காது, கை மூன்றையும் ஒன்றாக ஈடுபடுத்தும் இந்த வழி, 1930களில் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஆர்ட்டனும் கல்வியாளர் கில்லிங்காமும் வகுத்த முறையை ஒட்டியது. ர, ற இரண்டையும், ந, ன, ண மூன்றையும் ஒரே நாளில் கலந்து வைக்காதீர்கள்.

செயலிக்கு வேலை அதற்குப் பிறகுதான். கூகுளின் ரீட் அலாங் செயலி, குழந்தை தமிழில் உரக்கப் படிப்பதைக் கேட்டுத் தடுமாறும் சொல்லைச் சொல்லிக்கொடுக்கிறது. கதைகளை முன்பே இறக்கிவைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாமலும் நடக்கும். ஆனால் உங்கள் மகனைப் போல் நினைவாற்றல் மிக்க பிள்ளைகள், இரண்டாம் முறை ஒரு எழுத்தையும் பார்க்காமல் மனப்பாடமாகவே ஒப்பித்து நட்சத்திரங்களை வாங்கிவிடுவார்கள். ஆகவே படித்த கதையிலிருந்து சில சொற்களை வரிசை மாற்றித் தாளில் எழுதிக் கேளுங்கள். குழந்தை நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் நிலையிலிருந்தே தொடங்குங்கள். ஒன்பது வயதுக்குக் கூச்சமாக இருந்தால் விலங்குக் கதைகளாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

அறிவியலையும் சமூக அறிவியலையும் அவன் எழுத்துக் கூட்டப் பழகும்வரை காத்திருக்க வைக்கக் கூடாது. நம் பாடநூல்களிலுள்ள கியூஆர் குறியை, அரசு நடத்தும் தீக்‌ஷா செயலியில் காட்டினால் அந்தப் பாடத்துக்கான காணொளிகள் வரும். அவற்றைக் காதால் கேட்டு, விடையை வாயால் சொல்லட்டும்.

கொண்டலாம்பட்டி அப்பா:

தேர்வைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் மகள், வீட்டிலிருந்தே படித்துத் தேர்வெழுத வழிசெய்யும் தேசிய திறந்தநிலைப் பள்ளி (NIOS) வழியாகத்தான் பத்தாம் வகுப்பு முடித்தாள். பதினான்கு வயது நிறைந்தால் சேரலாம். ஒரு மொழி உட்பட ஐந்து பாடங்கள் போதும், கணிதம் கட்டாயமில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகள் தருவதால் ஒவ்வொரு முறையும் ஓரிரு பாடங்களாக எழுதலாம். பதினான்குக்கு முன்பு மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையான அடிப்படைக் கல்விப் படிகளும் அங்கே உண்டு. ஆனால் பாடப் பொருளெல்லாம் அச்சு நூலாகத்தான் வந்தது. அதைக் கைப்பேசியின் வாசித்துக்காட்டும் வசதியில் போட்டுக் கேட்டாள். தமிழ் உச்சரிப்பு சுமார்தான், பழகிவிட்டது.

ஓமலூர் பணிநிறைவுத் தலைமையாசிரியர்:

பள்ளியை நிறுத்தும் யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 16ஆம் பிரிவு, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து உரிய கற்பித்தல் ஏற்பாடுகளைச் செய்வதைக் கல்வி நிறுவனங்களின் பொறுப்பாகவே வைக்கிறது. ‘வீட்டில் கவனியுங்கள்’ என்று சொல்லி அவர்கள் கைகழுவ முடியாது. எழுத்து மூலம் மனுக் கொடுத்து, அதில் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலுள்ள சிறப்புப் பயிற்றுநரை அனுப்பக் கேளுங்கள். தோட்டத்துக்கு நடுவில் ஒற்றை வீட்டில் இருக்கும் பையனுக்குச் சம வயதுப் பிள்ளைகள் எங்கே கிடைப்பார்கள்? எந்தச் செயலியாலும் அதைத் தர முடியாது.

அஸ்தம்பட்டி ஆசிரியை:

ஐயா சொல்வது சரி. ஆயினும் தினமும் அவமானப்பட்டுத் திரும்பும் பிள்ளைக்குச் சில காலம் வீடே நல்லது என்பதையும் கண்டிருக்கிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின்படி, இடையில் நின்ற குழந்தையையும் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்தாக வேண்டும் என்பதால், திரும்பும் வழி அடைபடாது. எதுவானாலும் பரிசோதனைக்குப் பிறகு முடிவெடுங்கள். கற்றல் குறைபாட்டுக்கான அரசுச் சான்றிதழ் பெற்றால், பத்தாம் வகுப்பில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைக் கேட்கலாம்.

நாகலூர் அம்மா:

அனைவருக்கும் நன்றி. இந்தக் கல்வியாண்டு முடியும்வரை பள்ளியை நிறுத்தப்போவதில்லை. மனுவையும் இந்த வாரமே கொடுக்கிறோம். மாலையில் அட்டைகளும் மாவும், அதற்குப் பிறகு சிறிது நேரம் செயலியும் என்று வைத்துக்கொள்கிறேன். பரிசோதனையின்போது குறிப்பாகக் கேட்க வேண்டியது ஏதேனும் உண்டா?

அஸ்தம்பட்டி ஆசிரியை:

ஒன்று உண்டு. அவன் தமிழ்வழியில் படிப்பதாக இருந்தால், வாசிப்பையும் எழுத்தையும் தமிழிலும் சோதிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலப் பத்திகளை மட்டும் படிக்க வைத்து எழுதிய அறிக்கை, கொம்பிலும் காலிலும் அவன் எங்கே தடுமாறுகிறான் என்பதைக் காட்டாது. பள்ளி நோட்டுகளில் பழையதும் புதியதுமாக இரண்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.