இலவச ஒன்லைன் வகுப்பில் வருமானம் எங்கே இருந்து வரும்?

வெள்ளவத்தை வாத்தி:
உயர்தரக் கணக்கீட்டை ஒன்லைனில் தமிழில் இலவசமாகப் படிப்பிக்கப் போறேன். முழுப் பாடத்திட்டத்தையும் இலவசமாகக் கொடுக்கலாமா? காசு எந்த இடத்தில் வாங்குவது?

பேரேடு:
முழுவதும் வேண்டாம் சேர். ஒரு அலகை மட்டும் எடுங்கோ, ஆனால் அரைகுறையாக விடாதீங்கோ. பங்குடைமை என்றால் இலாபப் பகிர்வு, நன்மதிப்பு, பங்காளர் விலகல் எல்லாம் அதிலேயே முடிய வேணும். வீடியோ பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். தலைப்பில் பிள்ளை தேடுகிற சொல்லே இருக்கட்டும். "பாகம் 3" என்று போட்டால் ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டினம்.

கட்டணம் விடை திருத்துவதற்கு. கிழமைக்கு ஒரு கடந்தகால வினா. பிள்ளை விடையைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்ப, பிழையைக் குறித்துத் திருப்பி அனுப்புங்கோ. பெற்றோர் காசு கொடுப்பது இதுக்குத்தான். ஒருவருக்கு 15 நிமிடம் என்றால் 40 பேருக்குக் கிழமைக்கு 10 மணித்தியாலம். அதைப் பார்த்துப் பிறகு தொகையைச் சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
யூரியூப் விளம்பரக் காசு போதாதா அண்ணா?

பேரேடு:
வழமையான வீடியோவுக்கு 1,000 சந்தாதாரரும் 12 மாதத்தில் 4,000 மணித்தியாலப் பார்வையும் வேணும் தம்பி. அதுக்குப் பிறகும் 100 டொலர் சேரும்வரை அனுப்ப மாட்டாங்கள். தமிழில் உயர்தரக் கணக்கீடு படிக்கிற பிள்ளைகள் கொஞ்சப் பேர்தான், அதை நம்பி இறங்காதீங்கோ.

ஐந்துலாம்பு:
சூமில் நேரடி வகுப்பும் வைத்தால், இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் நின்றுவிடும், 35க்குள் முடியுங்கோ. வங்கிக்குக் காசு போடும்போது பிள்ளையின் இலக்கத்தைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கோ. இல்லையென்றால் யார் கட்டினது என்று மாதக் கடைசியில் பிடிபடாது.